இசக்கிக்குக் கேள்வியைச் சொல்லாதே

அன்புள்ள கோமதிக்கு,

சிஸ்கோ கம்பெனி நடத்தும் சிசிஎன்ஏ நெட்வொர்க் பரீட்சையில் நீ பாஸ் ஆனதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் உன் ஆச்சி. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. அம்பாசமுத்திரத்தில் இருந்து உன் அத்தை நேற்று கூப்பிட்டாள். அடுத்த மாதம் இசக்கியும் அதே பரீட்சை எழுதுகிறானாம். என்ன கேள்வி வந்தது என்று கேட்டால் கோமதி வாயே திறக்கவில்லை, பெங்களூர் போனதும் சொந்தம் மறந்துபோச்சா என்று ரொம்ப வருத்தப்பட்டாள்.

நீ செய்ததுதான் சரி. அத்தை முகத்துக்காக மனசு இளகி ஒரு கேள்வியைக்கூடச் சொல்லிவிடாதே.

அத்தையையும் குறை சொல்ல முடியாது. நம் பக்கம் பரீட்சை என்றால் கேள்வித்தாள் கையோடு வீட்டுக்கு வரும். பிளஸ் டூ எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரு மார்க் விடையைச் சரிபார்த்துக்கொண்டே போவார்கள். டிஎன்பிஎஸ்சி கேள்விக்கு ஆணையமே விடைக்குறிப்பு வெளியிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதி முடித்த தாள், அப்புறம் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை. உன் பரீட்சையை வருஷம் முழுக்க, ஊர் ஊராக, இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று எழுதுகிறார்கள். கேள்விகள் ஒரு பெரிய தொகுப்பில் இருந்து வருகின்றன. உனக்கு வந்தது இசக்கிக்கும் வரலாம்.

பொதுத்தேர்வுக் காலத்தில் கேள்வித்தாள் கட்டுகளை வைத்திருக்கும் கட்டுக்காப்பு மையத்தில் ராத்திரியும் பகலும் போலீஸ் காவல் நிற்கும். காலையில் பள்ளிக்கூடத்துக்கு உறை வந்ததும் சீல் உடையாமல் இருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பிரிப்போம். அந்தக் காவலெல்லாம் பரீட்சை தொடங்கும் வரைக்கும்தான். உன் விஷயத்தில் எழுதி முடித்தவர்கள்தான் காவல், அவர்களை விட்டால் ஆள் கிடையாது.

நீ அனுப்பிய சிஸ்கோ ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். அதற்குச் சம்மதம் கொடுத்த பிறகுதானே திரையில் முதல் கேள்வியே வந்தது? கேள்வி, விடை, படம் எதையும் முழுசாகவோ துண்டாகவோ, எழுதியோ வாயாலோ வெளியே சொல்லக் கூடாது. மீறினால் சான்றிதழை ரத்து செய்யலாம், இனிப் பரீட்சையே எழுத முடியாமல் தடை போடலாம். கேட்டு வாங்குகிறவனும் தப்ப முடியாது. இதை அத்தையிடம் அழுத்திச் சொன்னேன். இசக்கி கட்டப்போகும் 300 டாலரும் அவன் பெயரும் சேர்ந்தே போகும்.

தண்டனையை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டம்ப்ஸை, அதாவது பரீட்சையில் இருந்து கசிந்த கேள்வி விடைகளை, மனப்பாடம் பண்ணிப் பாஸ் ஆனவனை நம்பி ஓர் ஆஸ்பத்திரி தன் நெட்வொர்க்கை ஒப்படைக்கும். ராத்திரியில் அது படுத்துவிட்டால் அவன் என்ன செய்வான்? உண்மையாகப் படித்து வாங்கிய உன் சான்றிதழையும் அப்புறம் யார் மதிப்பார்கள்?

இன்னொன்று. "கேள்வியைச் சொல்ல வேண்டாம், எந்தப் பாடத்தில் நிறைய வந்தது என்றாவது சொல்லு" என்று அவன் சுற்றி வளைத்துக் கேட்பான். அதுவும் உள்ளே இருந்ததைச் சொல்வதுதான்.

அதற்காக அவனிடம் பேசவே பயப்படாதே. பாடத்திட்டத்தைச் சிஸ்கோவே விழுக்காட்டோடு வெளியிட்டிருக்கிறது: ஐபி இணைப்புக்கு 25, அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, மீதி இரண்டுக்கும் தலா 10. அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். 120 நிமிஷம்தான் நேரம் என்பதும் ரகசியம் இல்லை. நீ எந்தப் புத்தகம் படித்தாய், பாக்கெட் டிரேசர் என்கிற பயிற்சி மென்பொருளில் எப்படிப் பழகினாய், எங்கே திணறினாய் என்பதெல்லாம் உன் சொந்த அனுபவம், தாராளமாகச் சொல்லு. விஎல்ஏஎன், ஓஎஸ்பிஎஃப் எல்லாம் புத்தகத்தில் இருக்கிற பாடம்தானே, சொல்லிக்கொடுக்க யாரும் தடை போடவில்லை. நீயே ஒரு கணக்கு உண்டாக்கிப் போடச் சொல்லு, பரீட்சையில் பார்த்ததை மட்டும் ஆள் பெயரையும் எண்ணையும் மாற்றிக் கொடுத்துவிடாதே.

ஒரு நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கிற சப்நெட்டிங் கணக்கில்தான் பையன் தடுமாறுகிறானாம். ஞாயிற்றுக்கிழமை நீயே அவனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடு. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா