வீட்டுப் பயிற்சித் தாள் பற்றி: பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். பேச்சு அப்ராக்ஸியா, அதாவது பேசுவதற்கான வாயசைவுகளைத் திட்டமிடுவதில் மூளை தடுமாறும் குறைபாடு உள்ள ஆறு வயதுச் சிறுமியின் தந்தை நான். பயிற்சி நேரம் முடிந்து கிளம்பும்போது எங்கள் கையில் கொடுத்தனுப்புகிறீர்களே, அந்த வீட்டுப் பயிற்சித் தாளைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்கு முதலில் கிடைத்த தாளில் இருபது படங்களும், 'தினமும் சொல்ல வையுங்கள்' என்ற ஒரு வரியும் இருந்தன. கூடவே ஊதல் ஊதுவதும், சோப்புக் குமிழி விடுவதும், உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடிப்பதும் எழுதப்பட்டிருந்தன. ஒரு நாளும் தவறாமல் செய்தோம். மகள் நன்றாக ஊதக் கற்றுக்கொண்டாள். பேச்சில் எதுவும் மாறவில்லை. அவளுடைய உதட்டிலோ நாக்கிலோ வலுக்குறைவு கிடையாது என்பதும், ஒரு சொல்லுக்கான அசைவுகளை வரிசைப்படுத்தி, அளவறிந்து, ஒன்றோடு ஒன்றை இணைக்க மூளை போடும் திட்டத்தில்தான் தடுமாற்றம் இருக்கிறது என்பதும் எங்களுக்குப் பிந்தித்தான் புரிந்தன. பேச்சொலி கலவாத வாய்ப்பயிற்சிகள் இக்குறைபாட்டில் பேச்சை வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று உங்கள் துறையே சொல்கிறது. அந்தத் தாள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை இக்குறைபாட்டுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது பிழைகள் மாறிமாறி வருவது, ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குச் செல்லும் இடத்தில் இழுபடுவது அல்லது அறுபடுவது, சொல்லின் அழுத்தமும் ஓசை நயமும் பிசகுவது. உங்களுக்கு இது பால பாடம். வீட்டில் இது எந்த உருவத்தில் வந்து நிற்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் தெளிவாக வந்த 'தண்ணி' மாலையில் 'நன்னி' என்றும், மறுநாள் 'தாணி' என்றும் வந்தபோது, "காலையில் சொன்னாயே, இப்போது சொல்ல என்ன பிடிவாதம்?" என்று நான் அவளைக் கடிந்திருக்கிறேன், அதுவும் பலமுறை. பிழை மாறிமாறி வருவதே இந்தக் குறைபாட்டின் இயல்பு என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருந்தால் அவளுக்கு அந்த ஏச்சு மிச்சமாகியிருக்கும்.

தமிழ் பேசும் வீடுகளுக்கென்றே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மொழியில் உயிரொலியின் நீளம் பொருளையே மாற்றிவிடும். கல்லும் காலும், படமும் பாடமும் வேறு வேறு. உயிரொலியின் அளவு பிசகும் ஒரு குழந்தைக்கு மெய்யெழுத்துகளைத் தனித்தனியே சொல்லித்தரும் பயிற்சி எந்த அளவுக்கு உதவும்? தடுமாற்றமே ஒலிகள் இணையும் இடத்தில் இருக்கும்போது, 'ப்' என்று ஐம்பது முறை சொல்வதைவிட, 'போதும்' என்ற முழுச் சொல்லை மெதுவாக, உயிரொலியை நீட்டி, அறுபடாமல் பத்து முறை சொல்வதே மேல் என்பது என் அனுபவம்.

அடுத்தது பயிற்சியின் அளவு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இக்குறைபாட்டுக்கான சிகிச்சைகளில் ஒரே ஒரு சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனையைத்தான் (குலுக்கல் போலக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) கண்டது. 4 முதல் 12 வயது வரையிலான 26 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 3 வாரம் பயிற்சி பெற்றார்கள். அந்த 12 மணி நேரத்தை, வாரம் ஒருமுறை வரும் எங்களைப் போன்றவர்கள் எட்ட மூன்று மாதம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் நடப்பதெல்லாம் வீட்டில்தான் நடக்கிறது. அப்படியிருக்க, வீட்டுக்கான குறிப்பு ஒற்றை வரியாக இருப்பது நியாயமாகப் படவில்லை.

இருபது படங்கள் வேண்டாம். ஐந்து சொற்கள் போதும். அவையும் 'வேண்டாம்', 'போதும்', 'எனக்கு', 'வா' போல, சொன்ன உடனே குழந்தைக்குப் பலன் கிடைக்கும் சொற்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குறித்துத் தாருங்கள்: என் முகத்தைப் பார்த்து என்னோடு சேர்ந்தே சொல்ல வேண்டுமா, நான் ஒலியின்றி வாயசைக்க அவள் சொல்ல வேண்டுமா, நான் சொல்லி முடித்ததும் சொல்ல வேண்டுமா, சற்று இடைவெளி விட்டா? தடுமாறினால் எந்தப் படிக்கு இறங்குவது? 'உதட்டை மூடு' என்று ஒவ்வொரு முறையும் திருத்துவதா, எப்போது அதைக் குறைப்பது? எப்போது நிறுத்துவது என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் ஆர்வக் கோளாறில் அரை மணி நேரம் இழுத்து அவளை அழவைத்தவனும் நான்தான். ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று நான்கு முறை பிரித்துச் செய்தபோது அழுகை நின்றது.

படத்தைத் தொட்டுக்காட்டித் தேவையைச் சொல்ல உதவும் படப் பலகையையும் சைகையையும் 'பேச்சு வராவிட்டால் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அவை பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பயிற்சி நேரத்துக்கு வெளியே அவள் எந்த வழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், "எங்கே, மாமாவிடம் சொல்லிக் காட்டு" என்று வற்புறுத்தும் உறவினர்களிடம் அந்தத் தாளை நீட்டிவிடுவேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பயிற்சியிலும் இறுதிப் பத்து நிமிடத்தைப் பெற்றோருக்கு ஒதுக்குங்கள். உங்கள் முன்னால் நாங்கள் செய்கிறோம். எங்கள் காது தவறவிடுவதை நீங்கள் திருத்துங்கள். பிறகு தாளை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை