நினைவு ஜன்னல்கள்: செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் ஆயர் ஐயா அவர்களுக்கும், கர்த்தருக்குள் அன்பான உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் கோயிலில் இறந்தவர்களின் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பராமரிப்பதில், இந்த ஆண்டு நம் சங்கம் செய்ததைவிடத் தடுத்ததுதான் அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலைக் கழுவும்போது வாலிபர் சங்கத்துத் தம்பிகள் ஏணி போட்டு, சோப்புத் தண்ணீரும் நாருமாக நல்ல மேய்ப்பர் ஜன்னலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த முகங்களும் துணி மடிப்புகளும் கண்ணாடிப் பொடியோடு இரும்பு ஆக்சைடைக் குழைத்து வரைந்து, சூளையில் 600 டிகிரிக்கு மேல் சுட்ட கோடுகள். சூடு சரியாக ஏறாத இடத்தில் தேய்த்தால் கையோடு வந்துவிடும். மேய்ப்பர் தோளில் இருக்கும் ஆட்டுக்குட்டிக்கு இப்போது ஒரு கண் இல்லை. தலையைச் சுற்றியுள்ள மஞ்சள் தப்பித்தது, ஏனென்றால் அது பூச்சே அல்ல, வெள்ளி உப்பைத் தடவிச் சுட்டதில் கண்ணாடிக்குள்ளேயே ஊறிய நிறம். இனிமேல் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி.

தெற்குப் பக்க ஜன்னல் வயிறு தள்ளி நிற்பதைக் காட்டி, கண்ணாடி நாளாவட்டத்தில் வழிந்து இறங்கும் என்று பொதுக்குழுவில் ஓர் அண்ணன் அடித்துச் சொன்னார். கண்ணாடி வழிவதில்லை. துண்டுகளைக் கோத்துப் பிடித்திருக்கும் ஈயப்பட்டிதான் நம் ஊர் வெயிலில் விரிந்து விரிந்து சுருங்கி, நூறு வருடத்தில் தளர்ந்துபோகிறது. குறுக்கே தாங்கும் இரும்புக் கம்பியோ கடல் காற்றில் துருப்பிடித்து, அந்தத் துரு பருத்துக் காரையைப் பிளக்கிறது. இதற்கு ஒரு கான்ட்ராக்டர் சொன்ன வழி, விரிசலில் எல்லாம் சிலிகான் அடைத்து, வெளியே பாலிகார்பனேட் ஷீட்டைக் காற்றுப் புகாமல் அடித்துவிடுவது. செலவு குறைவு என்பதால் கமிட்டியில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். பொருளாளரும் நானும் வேண்டவே வேண்டாம் என்று நின்றோம்: இடையில் மாட்டிக்கொள்ளும் சூடும் ஈரமும் உள்ளதையும் கெடுத்துவிடும், ஷீட் போடுவதானால் மேலும் கீழும் காற்றுக்கு வழி விட்டுத்தான் போட வேண்டும். கழற்றிப் புது ஈயம் கட்டுவதே முறையான வேலை, ஒவ்வொரு ஜன்னலாக, காசு சேரச் சேர.

யாரோ வெள்ளைக்காரர் பெயருக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி இந்த ஆண்டும் வந்தது. ஜன்னல்களின் கீழே எழுதியிருக்கும், இறந்தவர்களின் வயதுகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். இருபதைத் தாண்டாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர் பெயரை ஜன்னலிலேயே ஸ்டிக்கராக ஒட்டச் சொன்ன குடும்பத்துக்கும் முடியாது என்று சொல்லியாயிற்று, வராண்டாவில் கல் பதிக்கலாம்.

மாமல்லபுரம் பிக்னிக்குக்குப் பதிலாக இம்முறை சாந்தோம் பேராலயம் போனோம். 1896இல் இன்றைய கோதிக் உருவம் பெற்ற கோயில். சீடர் தோமா இயேசு ஆண்டவரின் காயத்தைத் தொடும் வண்ணக் கண்ணாடியை எல்லாரும் நின்று பார்த்தார்கள். அப்புறம் சாப்பாடு தாமதம் என்று புகார்.

ஈயம் கட்டத் தெரிந்த ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் அப்படியே.

செயலர்