அம்மாவின் நோட்டில் இருக்கும் பேர்களுக்கு

தாமுவே, யாங்கூன் (ரங்கூன்)

எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. கூட இருந்து பார்த்துக்கொண்ட உறவுகளுக்கும் சந்துக்காரர்களுக்கும் முதலில் எங்கள் கும்பிடு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு பழைய நன்றிக்காக.

அரிசிப் பானைக்குப் பின்னால் அம்மா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். 1987லும் 88லும் யார் எங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அதில் பென்சிலால் எழுதியிருக்கிறது. திருப்பிக் கொடுத்ததும் பேரின் மேல் ஒரு கோடு. படுத்த படுக்கையாக இருந்தபோது, "அவங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிடு பாப்பா" என்றார். அதைத்தான் சொல்கிறேன்.

இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனி செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று பர்மா அரசு அறிவித்தது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வெறும் காகிதமானது. அந்த 75 நோட்டுக்கு 2 வயசுதான். 1985ல் 20, 50, 100 நோட்டுகளை ஒழித்தபோது வந்தது அது. அப்பா 1964லும் பட்டவர். தாத்தாவின் கடையை அரசு எடுத்துக்கொண்ட காலத்திலேயே 50, 100 நோட்டும் போனது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அப்போது கப்பலேறி மெட்ராஸ் போய்விட்டார்கள். நாங்கள் இருந்துவிட்டோம்.

அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வெற்றிலைக் கடையில் அப்பா சேர்த்து வைத்தது 6,000 கியாட். எல்லாம் 75 நோட்டு, 80 தாள், ஒரு பிஸ்கட் டின்னில். அன்று மத்தியானம் அப்பா டின்னைத் திறந்து எண்ணினார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார். காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறை படிந்த அவருடைய கட்டைவிரல் ஒவ்வொரு தாளாக ஒதுக்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து டின்னை வாங்கி மூடி, "சாப்பிட வாங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கணக்கு நோட்டில் முதல் பேர், எதிர்வீட்டு மொய்ங்கா அம்மா. பர்மியர். தெருமுனையில் காலையில் மொய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்பவர். அவர் கூடையில் இருந்ததெல்லாம் 1, 5, 10 கியாட் சில்லறை நோட்டு. அவை செல்லும்! பெரிய கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது எங்கள் சந்தில் செல்லும் காசு வைத்திருந்தது அவர் ஒருவர்தான். ராத்திரி லுங்கி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் வைத்தார். 420 கியாட். மீன் வாசனை அடித்த நோட்டுகள். மறுநாள் மீன் வாங்க அவருக்கு என்ன மிச்சம் இருந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் சம்பந்தி வீட்டார். தன்லினிலிருந்து படகில் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தோம். சம்பந்தியம்மா, "மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் போதும், தேதியை மாத்த வேண்டாம்" என்றார். அவர்கள் பணமும்தான் போயிருந்தது. அக்கா கழுத்தில் பொன் ஏற 3 வருஷம் ஆனது. அத்தான் வீட்டில் ஒருவர்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பருப்பும் எண்ணெயும் கொடுத்தவர் மளிகைக்கடை பாய். அவர் முதல் முழுக்கக் கரைந்திருந்த நேரம் அது. கடனை அடைக்க எங்களுக்கு 2 வருஷம் பிடித்தது. அதே மாதம் 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன. 90ஐ நீட்டினால் மீதி எவ்வளவு என்று சந்து முழுக்க விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது பாய்தான் பொறுமையாகக் கணக்குச் சொல்லித் தருவார்.

இவ்வளவும் எதனால் என்று பெரியவளான பிறகுதான் புரிந்தது. யுத்தத்துக்கு முன்னால் வருஷத்துக்கு 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இது. தமிழ்நாட்டில் ரங்கூன் அரிசி தின்று வளர்ந்த தலைமுறை உண்டு. அந்த நாடு ஜப்பானிடமும் மேற்கு ஜெர்மனியிடமும் கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டியது. பிறகு அரிசியும் தேக்கும் விலை இறங்க, ஏற்றுமதியில் வந்த காசில் பெரும்பகுதி கடனுக்கே போனது. 1987 டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. கடன் சுமை குறையட்டும் என்று அரசே கேட்டு வாங்கிய பேர் அது. படித்தவர்களுக்கு அது பெரிய தலைகுனிவு.

எங்கள் மாடியில் மவுலமெயினிலிருந்து வந்து தங்கி இன்ஜினியரிங் படித்த ஒரு தம்பி இருந்தார். அந்தச் செப்டம்பர் மாதச் சாப்பாட்டுப் பணமே அவருக்குச் செல்லாமல் போனது. கல்லூரிகளையும் மூடிவிட்டார்கள். அப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகள்தான் 1988 மார்ச்சில் அரசை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள், ஆகஸ்ட் 8ல் ஊரே அவர்கள் பின்னால் வந்தது. அந்த ஆகஸ்டில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சு முட்டியது. வெளியே சுடும் சத்தம். எந்த வண்டியும் கிடைக்கவில்லை. அந்தத் தம்பி யாருடைய சைக்காவையோ (பக்கத்தில் ஆள் உட்காரும் சைக்கிள் ரிக்‌ஷா) எடுத்துவந்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தானே மிதித்து ஆஸ்பத்திரி கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குப் பிறகு அப்பா 11 வருஷம் இருந்தார்.

செப்டம்பர் 18ல் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டதும் நிறைய மாணவர்கள் தாய்லாந்து எல்லைக்குப் போனார்கள். தம்பியும் போனதாகச் சொன்னார்கள். அவருடைய டிராயிங் பலகையை அம்மா ரொம்ப நாள் துடைத்து வைத்திருந்தார்.

இன்றைக்கும் நிலைமை லேசாக இல்லை. 2021க்கு முன்னால் ஒரு டாலர் 1,300 கியாட் சுமாருக்கு இருந்தது, 2024ல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு மருந்து வாங்க நாங்கள் திணறியபோது, சொல்லாமல் வாசலில் மாத்திரை அட்டையும் அரிசியும் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் பேரையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மொய்ங்கா அம்மா இப்போது இல்லை. அவர் மகளிடம் இந்த மடலைப் பர்மிய மொழியில் படித்துக் காட்டப்போகிறேன். பாயின் பிள்ளைகள் எங்கிருந்தாலும் எங்கள் சலாம்.

நோட்டில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் இன்னும் கோடு விழவில்லை. "சைக்கா – மாடித் தம்பி" என்று எழுதி, தொகை போடாமல் விட்டிருக்கிறார் அம்மா. அண்ணா, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் ஒரு தடவை வாருங்கள். வீடு அதே சந்தில்தான், அதே மாடிதான். நான் அன்றைக்கு வாசலில் விளக்கு பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள்.