சாமி எந்த மலைக்கு ஏறுகிறது?

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய நோட்டுப் பக்கங்களை இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலக் கதைக்காகச் சொந்தமாக ஒரு மொழியைச் செய்கிற பிள்ளைகள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. நம் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணுதானே.

உன் கதையில் வரும் கணவாய் மக்கள் ஆட்டுக்கு வைத்திருக்கும் சொற்களைப் படித்தபோது எனக்கு உன் அப்பாரு, என் அப்பா, நினைவுக்கு வந்தார். சினையாக இருக்கிற ஆடு, குட்டி செத்துப் பால் கட்டிக்கொண்ட ஆடு, மந்தையோடு ஒட்டாமல் ஓரமாகவே நடக்கிற ஆடு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். காற்றுக்கு ஏழு சொற்கள். கிழக்கிலிருந்து வருகிற வறண்ட காற்று ‘வெஷ்’, மேற்கிலிருந்து மழையை இழுத்து வருகிற காற்று ‘உலூ’. பாலக்காட்டுக் கணவாயில் பனைமரங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்த இரண்டும் ஒரே பொருளாகத் தோன்றாது. அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிறகு ‘தெய்வம்’ என்று தலைப்பிட்ட பக்கம் வந்தது. இடப்பக்கம் கடவுள், கோயில், பூசாரி, வேண்டுதல், ஆன்மா, பாவம், வரம் என்று வரிசை. வலப்பக்கம் நேருக்கு நேராக உன் சொற்கள். ஆன்மாவுக்கு ‘அமரீல்’, கோயிலுக்குத் ‘தலோர்’. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு சொல்லுக்குக்கூட நோட்டின் மற்றப் பக்கங்களில் சொந்தபந்தம் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள், காற்றுக்கு அஞ்சுகிறவர்கள், கிணற்றுக்காக அடித்துக்கொள்கிறவர்கள், தங்கள் சாமியின் முன்னால் போய் நின்றதும் எங்கிருந்தோ வந்த அந்நியர்களைப் போலப் பேசுகிறார்கள். தமிழ்ச் சொல்லுக்கு வேறு சட்டை மாட்டி நிறுத்தியிருக்கிறாய். சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது நம் கோயிலும் நம் பூசாரியும்தான்.

சாமிச் சொல்லுக்குப் பக்கத்து மொழியில் நேர்ச்சொல் கிடைக்காது என்பது நமக்குத் தெரிய வேண்டும், கண்ணு. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற இந்தக் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் இருந்துகொண்டு அது தெரியாமல் போகக் கூடாது.

உன் ஆத்தா, என் அம்மா, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நடந்தது இது. அடுத்த வீட்டுச் சேச்சி வந்து, “காவில் போகாம், ஒரு வழிபாடு உண்டு” என்று கூப்பிட்டிருக்கிறார். ஆத்தாவுக்கு வயிறு கலங்கிவிட்டது. அவள் பிறந்த ஊரில் காவு என்றால் பலி. காவு கொடுப்பது, காவு வாங்குவது என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். பயந்துகொண்டே போனவள் கண்டது, அடர்ந்த மரங்களும் கொடிகளும் சூழ்ந்த குளிர்ந்த இடத்தில் ஒரு பகவதியை. மலையாளத்தில் காவு என்றால் தெய்வம் குடியிருக்கும் சோலை. நம்முடைய பழைய ‘கா’ அங்கே உயிரோடு இருக்கிறது. அடுத்தது ‘வழிபாடு’. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசையில் நின்று, பெயரும் நட்சத்திரமும் சொல்லிப் பணம் கொடுத்து ரசீது வாங்கினார்கள். நெய்விளக்கு, பாயசம், புஷ்பாஞ்சலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. ஆத்தாவுக்கு வழிபாடு என்றால் கையெடுத்துக் கும்பிடுவது. இங்கே அது நேர்ந்துகொண்டு செலுத்தும் காணிக்கை. “கும்பிடுவதற்கு எதற்கு ரசீது?” என்று அவள் கேட்டதைச் சேச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல் ஒன்றுதான். ஒரே வேரிலிருந்து வந்ததுதான். 1956 நவம்பரில் கேரளம் உருவாவதற்கு முன்பு, சமஸ்தானங்கள் இருந்த காலத்தில், இந்தச் சித்தூர் கொச்சியில் இருந்தது. அதற்கெல்லாம் முன்பே சொற்கள் இங்கே இரண்டு பக்கமும் நடந்து, நடந்த இடத்தின் மண்ணைப் பூசிக்கொண்டுவிட்டன. அம்பலம் தமிழில் நாலுபேர் கூடும் மன்று, தில்லையில் ஆடுகிறவனின் மன்று. மலையாளத்தில் அதுவே கோயில். பள்ளி நமக்குப் பாடம் படிக்கிற இடம், அவர்களுக்குத் தேவாலயமும் மசூதியும். நாமே பள்ளிவாசல் என்கிறோம். சமண முனிவர்கள் தங்கிய இடத்தையும் பள்ளி என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அதே காவில், இருட்டிய பிறகு, “குருதி உண்டு, நில்லுங்கள்” என்றார்கள். எனக்குத் தமிழ்க் குருதிதான் தெரியும். ஆத்தாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அகலமான உருளி ஒன்றில் தண்ணீர். அதில் மஞ்சள் பொடியைக் கொட்டினார்கள். வெளிச்சம் பட்டுத் தண்ணீர் மஞ்சளாகத் தளும்பியது. பிறகு ஒருவர் சுண்ணாம்பைக் கையில் கரைத்து ஊற்றினார். கை போன வழியெல்லாம் நூல் நூலாகச் சிவப்பு ஓடியது. கிளறக் கிளற அந்தச் சிவப்பு பரவி, விளிம்புவரை ஒரே இரத்த நிறம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆத்தா என் காதருகே குனிந்து, “கல்யாண வீட்டு ஆலாத்திதான், பயப்படாதே” என்றாள். பார்த்தால் உண்மையாகவே அதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நிற்கும்போது அதற்குப் பெயர் ஆலாத்தி, பகவதியின் முன்னால் குருதி. உருளியில் மஞ்சள் தண்ணீர் மட்டும் இருக்கிறது. இரத்தம் இருப்பது சொல்லில்.

உன் ‘தலோர்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? இருநூறு வருடங்களுக்கு முன் உன் மக்கள் அதை எதற்குச் சொன்னார்கள்?

நம் சொற்களைத் திறந்து பார். கோயில் என்றால் அரசன் வீடு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்கப் போவது பாண்டியனின் கோயிலுக்கு. இறை என்ற சொல் அரசனுக்கும் கடவுளுக்கும் வரிப்பணத்துக்கும் ஒன்றுதான். சாமி வடமொழிச் ‘சுவாமி’, அதாவது உடைமைக்காரன். ஆவி என்றால் இட்லிப் பானையிலிருந்து எழுவதும் அதுதான், தேவாலயத்தில் பரிசுத்தம் என்ற அடைமொழியோடு வருவதும் அதுதான். உயிரும் மெய்யும் ஆளுக்கு இருப்பவை, எழுத்துக்கும் இருப்பவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘க்’ என்ற மெய்யில் ‘அ’ என்ற உயிரை ஏற்றி ‘க’ என்று சொல்லும்போது, தனக்குத் தெரியாமலே ஒரு சமயப் பாடத்தையும் படித்துவிடுகிறது. இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்றும் அந்த இடம் வந்தால் எனக்குச் சிலிர்க்கும்.

நீ ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனைப் படித்துத்தான் இந்த வேலையில் இறங்கினாய். தம் கதைகளில் வரும் எல்ஃபு என்ற இனத்தாருக்காக அவர் உருவாக்கிய குவென்யா மொழிக்குச் செய்த எழுத்துகளின் வளைவுகள் உன்னைப் பிடித்துக்கொண்டன. அந்த எழுத்துகளில் ஒன்றின் பெயரே ‘ஆவி’ என்பதைக் கவனித்தாயா? தூலெ என்று இருந்து பின்னால் சூலெ ஆனது. ஊதுவது, மூச்சு விடுவது என்ற வேரிலிருந்து வருகிற சொல். தெய்வச் சொற்களுக்கு அவர் பட்ட பாட்டை நீ இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டும். புனிதமானது என்பதற்குக் குவென்யாவில் ‘ஐனா’ என்று ஒரு சொல். அது எல்ஃபுகளின் சொந்தச் சொல்லே கிடையாது. தங்களைவிட மேலான வாலார்கள் என்ற தேவர்கள் பேசிய கரடுமுரடான மொழியில் ‘அயனூஸ்’ என்று கேட்டதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி உருட்டி எடுத்துக்கொண்டார்கள். சுவாமி நம் வாயில் சாமி ஆன கதைதான். உன் கணவாய் மக்கள் யாரிடமிருந்தும் ஒரு சாமிச் சொல்லைக்கூடக் கடன் வாங்கவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கணவாய் என்றாலே நாலு பேர் கடந்து போகிற வழி அல்லவா?

டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். 1950களில் தம் ஜெபங்களைக் குவென்யாவில் மொழிபெயர்த்துப் பார்த்தார். அவை அச்சில் வந்தது 2002இல், அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு. தாம் செய்த மொழியிலேயே தாம் கும்பிட முயன்றவர் அவர். பாவம் என்ற இடத்தில் ‘செய்’ என்ற வினையின் முன்னால் தீமையைக் குறிக்கும் ‘ஊ’வைச் சேர்த்தார். நம் ‘தீவினை’ பிறந்த அதே வழி. “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தமிழில் சொல்கிற இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? அவருடைய கதையில் படைத்தவன் சொன்ன சொல் ‘ஏயா’. ஆகுக, இருக்கட்டும் என்று பொருள். படைக்கப்பட்ட உலகம் முழுவதற்கும் பெயர் அதுவே. ஆகவே ‘ஏயாவுக்கு அப்பால் இருக்கிற’ என்று எழுதினார். அதில் ‘இருக்கிற’ என்பதும் அதே ‘ஏயா’தான். இருப்பவை எல்லாவற்றுக்கும் அப்பால் இருக்கிறவரே என்று ஆகிறது. வானம் என்ற சொல்லை எடுத்து ஒட்டவைக்காமல், தம் மொழியின் ‘இரு’ என்ற எளிய வினைக்குள்ளிருந்து ஒரு ஜெபத்தை எடுத்தார். இதைப் படித்த அன்று என்னால் வேறு வேலை எதையும் பார்க்க முடியவில்லை.

உன்னிடமும் அப்படி எடுக்க இருக்கிறது. ஆட்டுப் பட்டிக்கு நீ வைத்த ‘கொர்’ எவ்வளவு நல்ல சொல். உன் மக்கள் சாயங்காலம் தோறும் ஆடுகளைப் பட்டிக்குள் எண்ணி அடைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவர்களுடைய சாமி இருக்கும் இடம் எண்ணாத பட்டியாக இருக்கலாமே. ஆன்மாவுக்கு அமரீல் எதற்கு? மழைக்காற்றான உலூ போதும். குழந்தை முதல் மூச்சு விட்டால் அதற்குள் உலூ வந்தது என்பார்கள். பாவம் என்பதற்கு அவர்களிடம் ‘கிணற்றைத் தூர்த்தது’ என்பதைவிடப் பெரிய சொல் இருக்க முடியுமா? இவை என் யோசனைகள்தான். அந்த மக்களை உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. உன் பட்டியலில் சொல்லப்படும் சொற்கள் மட்டும் இருக்கின்றன, சொல்லக் கூடாதவை இல்லை. டோல்கீனின் நூமெனோர் தீவில் படைத்தவனுக்கு மேலே கூரை வேய்ந்த கோயில் கிடையாது. ஒரு மலை உச்சி மட்டும். வருடத்துக்கு மூன்று முறை அங்கே அரசன் மட்டும் வாய்திறந்து வேண்டுவான், மற்றவர்கள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. நம் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் நோய் என்று சொல்வோமா? ஆத்தாள் வந்திருக்கிறாள், முத்து போட்டிருக்கிறது என்போம். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் சின்னம்மை வந்த பிள்ளையின் தலைமாட்டில் இன்னமும் வேப்பிலை வைத்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம். ஆற்றுக்குக்கூட நமக்கு இரண்டு பெயர்கள். எருமையைக் குளிப்பாட்டப் போகும்போது அது வெறும் ஆறு. உன் அப்பாருவின் அஸ்தியைக் கரைக்கப் போன அன்று மட்டும் ஆத்தா அதைச் ‘சோகநாசினி’ என்று முழுப்பெயர் சொல்லி அழைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

மாரியம்மன் நோன்பில் அருள் வந்து ஆடிய பெரியவர் களைத்து உட்கார்ந்ததும், “சாமி மலையேறிவிட்டது” என்று சொல்வார்கள். நீ நாலு வயதில் என் தோளில் இருந்துகொண்டு, “எந்த மலை அத்தை?” என்று கேட்டாய். வடக்கே வாளையார் மலை தெரிகிறது, தெற்கே ஆனைமலை தெரிகிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆத்தாதான் கொஞ்சமும் யோசிக்காமல் தெற்கே கையைக் காட்டினாள்.

உன் மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கிழவி சாகும் இடத்தில் ‘விளக்கு அணைந்தது’ என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில்கூட அந்தச் சொல்லை வாயில் வரவிடமாட்டோம். விளக்கைக் குளிர வை என்போம், மலையேற்று என்போம். உன் கணவாய் மக்கள் அந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? மார்கழித் திருவாதிரைக் காற்று எழும்போது வருவாய் அல்லவா, யோசித்துவிட்டு வந்து சொல். நோட்டையும் எடுத்து வா. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே. பென்சிலால்தானே எழுதியிருக்கிறாய், இடப்பக்கத்து வரிசையை மட்டும் அழித்தால் போதும்.

அன்புடன்,
உன் அத்தை