தூர்வாரும் முன் சேற்றைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆற்றுச் சேற்றை அள்ளிவிட்டால் ஆறு சுத்தமாகிவிடும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். மண்வாரி இயந்திரம் ஓட்டிப் பிழைத்தவன் நான். வாளியைத் தூக்கும்போது அதன் பல்லிடுக்கில் கறுப்பு நீர் வழியும். அடியில் அடங்கிக் கிடந்ததெல்லாம் கலங்கி, நீரோட்டத்தோடு கடலுக்குப் போகும்.

ஈயம், செம்பு, துத்தநாகம் எல்லாம் மணலைவிட மென்களியில்தான் அதிகம் ஒட்டும். தொழிற்சாலை மூடிய பிறகும் அங்கேயே கிடக்கும். ஆகவே, தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதிப்பது பாதி வேலைதான். சேற்றுக்குள் குழாயை இறக்கி, கலையாமல் எடுத்து, அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். நஞ்சு ஆழத்தில் புதைந்து, மேலே நல்ல மண் படிந்துகொண்டிருந்தால் தொடாமல் கண்காணிப்பதே மேல். சில இடங்களில் சுத்தமான மணல் கொட்டி மூடலாம்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் பாதரசம் இருந்த சேற்றை அகற்றி அடைக்கும் வேலை 1977இல் தொடங்கி 1990இல்தான் முடிந்தது.

இங்கே பினாங்கில், சேற்றில் புதைந்து வளரும் கெராங் சிப்பியைத்தான் சம்பாலில் தொட்டுச் சாப்பிடுகிறோம். (எனக்கும் பிடிக்கும்.) சுங்கை பினாங்கோ சுங்கை ஜூருவோ, அடுத்த முறை இயந்திரம் இறங்கும் முன், சோதனை முடிவையும் சேற்றைக் கொட்டப்போகும் இடத்தையும் ஆற்றோரம் பலகையில் எழுதி வையுங்கள். ஒரு காலத்தில், பிள்ளைகள் பந்து விளையாடும் திடலோரம் கொட்டச் சொன்னார்கள் என்னை.

முன்னாள் மண்வாரி ஓட்டுநர்,
பட்டர்வொர்த்