ஊரிலேயே இருப்பவரின் கேமரா

மயூர் விகார், டெல்லி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கைப்பேசியில் செய்திப்படம் எடுக்கப் பயிற்சி அளிக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நீ கருத்துக் கேட்டிருப்பதால், மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2025 ஜூன் 1 அன்று இங்கே ஜங்புராவில் நம் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது உனக்கு நினைவிருக்கும். புல்டோசரும் அழுகையும் அன்று எல்லாச் சேனல்களிலும் ஓடின. ஆனால் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவுக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண், வீட்டு வேலைக்காகப் பழைய இடத்துக்கு எப்படி வந்து போகிறார், தமிழ்ப் பள்ளியில் படித்த அவருடைய பிள்ளை என்ன ஆனது என்பதையெல்லாம் தொடர்ந்து சொன்ன படம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதை எடுக்க அங்கேயே குடியிருப்பவர் ஒருவர் வேண்டும்.

ஊர்க்காரர்களையே செய்தியாளர்களாக்கும், கோவாவிலிருந்து இயங்கும் வீடியோ வாலண்டியர்ஸ் அமைப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2003இல் தொடங்கிய இவ்வமைப்பின் செய்தியாளர்கள் ரேஷன், அடிகுழாய், கூலி வராத நூறு நாள் வேலை என்று தங்கள் ஊர்க் குறைகளையே படமாக்கி, இறுதியில் பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணைச் சொல்லி, அவரை அழைத்துக் கேட்கும்படி பார்ப்பவர்களை வேண்டுகிறார்கள். குறை தீர்ந்தால் அதையும் மறுபடி படமாக்குகிறார்கள். உன் பெண்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இந்த விடாப்பிடியைத்தான். எடிட்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002இல் அச்சிதழாகத் தொடங்கிப் பின்னர் காணொளிக்கு வந்த கபர் லஹரியாவின் பெண்கள், அவர்களில் பலர் தலித்துகள், தங்கள் வட்டாரப் பேச்சான புந்தேலியில் எழுதியே பெயர் பெற்றார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பெண்களும் நெல்லைத் தமிழிலேயே பேசட்டும். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரின் குரலை வரவழைத்துக்கொண்டால், பக்கத்து வீட்டுக்காரரே வாயைத் திறக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள், பள்ளிக்கூடமே போகாதவர்கள் உட்பட, கைப்பேசிக் காலத்துக்கு வெகு முன்பே வீடியோ கேமராவைக் கையாளப் பழகியவர்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் அவர்களுக்குப் பட்டேல் ஷாட், அதாவது நிலக்கிழாரின் பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமையின் பார்வை. எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகப் பார்ப்பது சங்கம் ஷாட், ஏனெனில் அவர்களுடைய சங்கத்தில், அதாவது ஊர்ப் பெண்கள் குழுவில், எல்லோரும் சமமாக உட்காருகிறார்கள். திரைப்படக் கல்லூரியில் இதைவிடத் தெளிவாகக் கற்பிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் உன் கடிதத்தில் நான் தேடிக் காணாதது பாதுகாப்பு. சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சொந்த யூடியூப் சேனல் நடத்திவந்த முகேஷ் சந்திராகர், சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தி வெளியான சில நாட்களிலேயே கொல்லப்பட்டு, 2025 ஜனவரியில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். டெல்லிச் செய்தியாளர் படம் எடுத்த கையோடு ரயிலேறிவிடுவார். உங்கள் ஊர்ப் பெண்ணோ, தான் யாரைப் பற்றிப் படம் எடுத்தாரோ அவர் வீட்டைக் கடந்துதான் மறுநாள் குழாயடிக்குப் போக வேண்டும். எனவே பயிற்சிக்கு நாள் குறிப்பதற்கு முன், திருநெல்வேலியில் நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடு. இருவர் இருவராகவே போகச் சொல். எடுத்த காட்சிகளின் நகல் ஊருக்கு வெளியே ஒருவரிடமும் இருக்கட்டும்.

ஊதியத்தைப் பற்றியும் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. சேவை என்று சொல்லி ஒரு நாள் கூலி இழப்பை அவர்கள் தலையில் கட்டாதே; படத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடு. மைக் வாங்கும் செலவு என்னுடையது. காற்றிரைச்சலில் பேச்சே கேட்காத படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை மைக் வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்