கை நழுவிய பந்து மட்டுமா கேரோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தின் என்எப்எல் லீக் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் வேடிக்கைகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், பந்தை உதைப்பதற்கென்றே அணியில் இருந்த கிக்கர் கேரோ யெப்ரேமியனுக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். நாலும் அவர் செய்த ஒரே ஒரு தப்பைப் பற்றித்தான். முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த எனக்கு மனசு கேட்கவில்லை.

தப்பு நடந்தது உண்மை. 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலிஸ். கேரோவின் மயாமி டால்பின்ஸ் அணி 14-0 என்று வாஷிங்டனை முந்தி நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. 42 கஜத்திலிருந்து ஃபீல்டு கோலுக்காக (பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி) கேரோ உதைத்த பந்து எதிரணிக்காரர் கையில் பட்டுத் திரும்பி வருகிறது. பேசாமல் அதன்மேல் விழுந்து படுத்திருக்கலாம். எடுத்துக்கொண்டு ஓடுகிறார், எறியப் பார்க்கிறார். பந்து விரல்களில் வழுக்கி மேலே எழும்புகிறது. விழுவதைத் தட்டிவிடுகிறார், நேரே வாஷிங்டனின் மைக் பாஸ் கைக்குப் போகிறது. அவர் 49 கஜம் ஓடி, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடிக்க, 14-7. மிச்ச நேரம் முழுக்க மயாமிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஆனாலும் ஜெயித்தார்கள். ஒரு தோல்வியும் இல்லாமல் சூப்பர் பவுல் வரை வென்ற ஒரே என்எப்எல் அணி இன்றைக்கும் அதுதான். 17 ஆட்டம், 17 வெற்றி. அந்த உதை மட்டும் சேர்ந்திருந்தால் அன்றைய ஸ்கோரும் 17-0 ஆகியிருக்கும்!

அவருக்கு ஏன் எறிய வரவில்லை என்று கட்டுரை யோசிக்கவே இல்லை. கேரோ சைப்ரஸ் தீவின் லார்னகாவில் 1944-ல் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குத் தெரிந்தது நாம் ஆடுகிற இதே கால்பந்து. அண்ணன் கிரிக்கோர் கால்பந்து உதவித்தொகையில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்தார். லண்டனில் காசு வாங்கி ஆடியதால் தம்பிக்குக் கல்லூரி அணியின் கதவு திறக்கவில்லை. அண்ணனே முகவராகி அணிகளிடம் பேச, 1966-ல் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பையன்கள் பள்ளியிலேயே பழகும் எறிதலை இவர் எங்கே பழகியிருப்பார்? ஆனால் அதே வருடம் நவம்பர் 13 அன்று மினசோட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு ஃபீல்டு கோல் அடித்தார். அதற்குமுன் என்எப்எல்-லில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. லயன்ஸ் ஒரே புள்ளியில் வென்றது.

அந்தக் காலத்து அமெரிக்க கிக்கர்கள் நேரே ஓடிவந்து பூட்ஸ் நுனியால் உதைப்பார்கள். என்னிடம் புதிதாக வரும் பையனும் அப்படித்தான் உதைப்பான். "பெருவிரலால குத்தாதடா, பக்கவாட்டுல வந்து மேல்பாதத்தால அடி" என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். அதே பாடத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் வெளியிலிருந்து குடியேறியவர்கள்: 1964-ல் பஃபலோ பில்ஸுக்கு ஆடிய ஹங்கேரிக்காரர் பீட் கோகோலாக், பிறகு இடது கால்காரர் கேரோ, நார்வேயின் யான் ஸ்டெனரூட். இன்றைக்கு எல்லா கிக்கரும் இவர்கள் வழிதான்.

1971 கிறிஸ்துமஸ் அன்று கான்சஸ் சிட்டியில், மயாமிக்கு ஆடிய கேரோவும் கான்சஸ் சிட்டிக்கு ஆடிய ஸ்டெனரூடும் எதிரெதிரே நின்றார்கள். கடைசி நிமிடத்தில் ஸ்டெனரூட் 31 கஜத்தைத் தவறவிட, ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்தது. 82 நிமிடம் 40 விநாடியில் கேரோ 37 கஜத்திலிருந்து உதைத்து முடித்துவைத்தார். என்எப்எல்-லின் மிக நீண்ட ஆட்டம் இன்னமும் அதுதான். இதற்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. "நான் டச்டவுன் உதைக்கப்போறேன்" என்று, உதைத்து எடுக்கவே முடியாத டச்டவுனைப் பற்றி அவர் உளறியதாக எழுதியிருக்கிறீர்கள். அது சக வீரர் அலெக்ஸ் கராஸ் தொலைக்காட்சியில் சொல்லிச் சிரிக்கவைத்த கதை.

அந்த எறிதலுக்குப் பிறகு கேரோ மனமுடைந்து கிடந்தார். அப்போது பயிற்சியாளர் டான் ஷூலாவின் கையெழுத்தோடு ஓர் ஆறுதல் கடிதம் வந்தது. பல வருடம் கழித்து நேரில் நன்றி சொன்னபோதுதான் தெரிந்தது: ஷூலாவுக்கு அப்படியொரு கடிதமே தெரியாது, எழுதியது அவர் மனைவி டோரதி. 2015-ல் கேரோ இறந்தபோதும் இந்தக் கதை திரும்ப வந்தது. அடுத்து ஷூலாவைப் பற்றி எழுதினால் அந்த அம்மாவுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி.